பூவைப் போட்டது யார் என்று சொல்ல மாட்டேன்

செய்தி வந்தபோது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. செல்போனைக் காதில் அழுத்திப் பிடித்தும் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்கண்ணே, மிஷின் ஓடுது" என்று கத்தினேன். மனோகரன் அண்ணன் சத்தமாகச் சொன்னார். "அக்கா போயிட்டாடா தம்பி." தன் மனைவி இறந்ததை அந்த மனிதர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மிஷினை நிறுத்தவில்லை. ஐஸ் கம்பெனியில் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. அடுத்த ஆபரேட்டர் வரும்வரை பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் அதன் இடத்திலேயே நின்றது. எல்லாம் சரியாக ஓடியது. அதுதான் பொறுக்கவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கலாவதி அக்காவைத் தெரியும். காரைக்காலில் எங்கள் ஐஸ் கம்பெனி கவுண்டரில் உட்கார்ந்து, எந்தப் படகுக்கு எத்தனை கட்டி என்று சீட்டுப் போட்டுக் கொடுத்தவர். திருமலைராயன்பட்டினத்துக்காரர், படகுக் குடும்பம். நான் சுரக்குடி, வயல்காட்டு ஆள். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே மிஷின் ஓட்ட வந்தவன். எனக்குக் கதை, கவிதை எதுவும் ஏறாது. அப்படிப்பட்டவனை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் அவருடைய நல்ல குணங்களை எழுதுவார்கள். நான் அவர் எழுதிய ஒரே நாவலைப் பற்றியும், அதற்கு நேர்ந்ததைப் பற்றியும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

'ஐஸ் கட்டிக்குள்ளே கனகாம்பரம்'. அட்டையில் தலைப்புக்குக் கீழே 'நகைச்சுவைக் காதல் மர்ம நாவல்' என்று போட்டிருக்கும். "மூணையும் ஏன்க்கா போட்டீங்க, ஒண்ணு போதாதா?" என்று கேட்டிருக்கிறேன். "சிரிக்க வர்றவங்க சிரிக்கட்டும், அழ வர்றவங்க அழட்டும். ஒன்னய மாதிரி குத்தம் கண்டுபிடிக்க வர்றவனுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னுதான்" என்றார்.

அந்தக் கதை எங்கே பிறந்தது என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் அக்கா தன் ஒரே மகளைப் பறிகொடுத்தார். பிறகு நிவாரணத்துக்குப் போட்ட தகரக் கொட்டகை. அங்கே பெண்கள் பேசுவதையே விட்டுவிட்டிருந்தார்களாம். சோற்றுப் பொட்டலம் வந்தால் வாங்குவது, சுருண்டு படுப்பது, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் அக்கா யாரையும் பார்க்காமல், "எங்க ஐஸ் கம்பெனியில ஒருநா என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்திருக்கிறார். ஒன்றும் நடந்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். மீன் ஏலக்காரர் மகள் ஒரு ஐஸ் கட்டியை உடைக்கிறாள், நட்டநடுவில் ஒரு கனகாம்பரச் சரம், அப்போதுதான் தொடுத்தது மாதிரி. மறுநாள் கட்டியில் ஒரு சீப்பு. அதற்கு மறுநாள் கண்ணாடி வளையல். யார் போடுகிறார்கள்? யாருக்காக?

துப்புத் துலக்க எங்கள் புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி ஏட்டு ஒருவர் வருவார். கட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் உண்மையச் சொல்லுங்கய்யா, சாட்சி கரைஞ்சிகிட்டிருக்கு" என்று எல்லோரையும் விரட்டுவார். ஒருநாள் கட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருத்தனைத் துரத்துகிறவர், வாஞ்சூர் எல்லையைத் தாண்டிவிடுவார். "பாதி சாட்சி நம்ம ஸ்டேட்டுல ஒழுகிருச்சு, மீதி தமிழ்நாட்டுல ஒழுகுது. நான் எந்த ஸ்டேஷன்ல கேசு போடுறது?" இந்த இடத்தில் கொட்டகையில் ஒரு பெண் சிரித்துவிட்டாளாம். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அக்கா நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு" என்று எழுந்துவிட்டார். தினமும் அப்படித்தான். ஒரு முடிச்சைப் போடுவார், "மீதி நாளைக்கு."

நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா, அவர்களைத் தேற்றினீர்கள் என்று ஒருமுறை சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரையும் தேத்தல. பூவப் போட்டது யாருன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா மறுநா எந்திரிச்சு உக்காந்தாகணுமில்ல? அதுக்குத்தான்."

வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், கொட்டகை கலைந்தது, கதை பாதியில் நின்றது. கூடக் கேட்ட பெண்கள் விடவில்லை. மீன்கூடையோடு கம்பெனிப் பக்கம் வருகிறவர்கள் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடியே கலா, யாருடி அது? சொல்லித் தொலையேன்" என்பார்கள். அக்கா, "எழுதிக்கிட்டிருக்கேன், புக்குல பாரு" என்பார். அப்படித்தான் எழுத ஆரம்பித்தார். எழுதுகிறவருக்கே முடிவு தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனபின் மத்தியானத்தில் கம்பெனி வெறிச்சென்று கிடக்கும். அப்போது எழுதியதை வாசித்துக் காட்டுவார். நான் முகத்துக்கு நேராகச் சொல்வேன். "இது நடக்காதுக்கா."

"எது?"

"பூ நடுவுல நிக்காது. கட்டி உறையிற கேன்ல தண்ணி ஊத்துன உடனே போட்டா மெதக்கும். மேலாக்க ஒட்டிக்கும். வளையல் அடியில போய்க் கெடக்கும். ரெண்டும் நட்டநடுவுல எப்பிடி நிக்குது?"

"காதலு தம்பி. நிக்கும்."

"காதலெல்லாம் உப்புத்தண்ணித் தொட்டிகிட்ட செல்லாது. கேனச் சுத்தி உப்புத்தண்ணி, அதனால ஓரத்துலேர்ந்துதான் உறையும். கடைசியாத்தான் நடு. நாலு பக்கமும் கட்டியாயி, நடுவுல மட்டும் விரல் நொழையிற அளவுக்குத் தண்ணி இருக்கும்ல, அந்த நேரத்துல மூடியத் தூக்கிக் குச்சியால உள்ள அழுத்துனாத்தான் எதுவும் நடுவுல நிக்கும். அதுக்கு முன்னாடியும் முடியாது, பின்னாடியும் முடியாது."

அக்கா பேனாவை மூடினார். "அந்த நேரத்துல தொட்டிப் பக்கம் யார் யாரு வருவா?"

நான் யோசித்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு ஆளைச் சொன்னதும் அக்கா "அய்யோ" என்றார். பிறகு சிரித்தார். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "அவங்களா! இத்தன வருசமா என் கண்ணு முன்னாடியே இருந்திருக்காங்களேடா!" முன்னால் எழுதியதில் எதையும் மாற்றவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அந்த ஆளுக்கு ஏற்கனவே பொருந்தி இருந்தது. நான் பார்த்த வரையில் அக்கா முழுசாகச் சந்தோஷப்பட்ட மத்தியானம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் சொன்னது: "எனக்கு ஒரே ஒரு ஆசைதான் தம்பி. யாருன்னு தெரியாம ஒருத்தராச்சும் கடைசிப் பக்கம் வரைக்கும் போகணும். நான் இப்பப் போட்ட 'அய்யோ'வ அவங்க போடணும். அது போதும்."

சின்ன ஆசை என்று நினைத்தேன்.

அச்சகக்காரர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "அணிந்துரை எங்கம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். "அணிந்துரை இல்லாமப் புக்கா? பல்லு இல்லாத வாய் மாதிரி இருக்கும்" என்றார். நம் ஊரில் யாரும் அப்படிப் புத்தகம் போட்டதில்லை என்பது உண்மைதான். சமையல் குறிப்புக்குக்கூட அணிந்துரை உண்டு. அக்கா தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனார். பெயர் வேண்டாம். இந்த மலரைப் புரட்டினாலும் முன்னால் அவருடைய அணிந்துரைதான் இருக்கும். அவர் நல்ல மனிதர். அக்காவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஒரே வாரத்தில் நாவலைப் படித்து, ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தார். தமிழ் பிரமாதம். மூன்றாவது பக்கத்தில் பூவைப் போட்டது யார், எப்படி, எதற்காக என்று ஒன்றுவிடாமல் விளக்கியிருந்தார்.

படித்ததும் தலை சூடாகிவிட்டது. "வெட்டுங்கக்கா."

"வீடு தேடிப் போயிக் கேட்டு வாங்கினது. பெரிய மனுசர் கையெழுத்துல கத்திரி வைக்கச் சொல்றியா?"

"அந்த ஒரு பக்கத்த மட்டும்."

"ஒரு வரிய எடுத்தாலும் அவருக்குத் தெரியும். தாம்பாளத்தக் கொடுத்துட்டுத் திரும்பப் புடுங்குற மாதிரி ஆயிடும். விடு."

நான் விடவில்லை. நெரவி பஸ்ஸில் ஏறி நேரே பேராசிரியர் ஐயா வீட்டுக்குப் போனேன். வெயிலில் வந்திருக்கிறாயே என்று மோர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். "ஐயா, மர்மக் கதையில முடிவ முன்னாடியே சொல்லிட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பிப்போனார். "முடிவைச் சொல்லாட்டி, நான் முழுசாப் படிச்சேன்னு எப்பிடித் தம்பி தெரியும்? பாதியில மூடி வெச்சுட்டு எழுதிக் குடுத்துட்டான்னு அந்தப் பொண்ணு நெனைக்காதா?"

பழுதான மிஷின் என்றால் எந்தப் பாகம் என்று காட்டலாம். இங்கே பழுதே இல்லை. அக்கா மரியாதை செய்தார், ஐயா மரியாதை செய்தார், இரண்டு மரியாதைக்கும் நடுவில் புத்தகம் செத்தது.

வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். கொட்டகையில் கதை கேட்ட பெண்கள் வேன் பிடித்து வந்து முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குப் படிக்க வராது. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வதாகத் திட்டம். ஐயா மைக்கைப் பிடித்தார். ஆய்வுரை. கதையை முதலிலிருந்து சொன்னார், நன்றாகவே சொன்னார். ஏட்டு கட்டத்தில் கூட்டம் குலுங்கியது. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மின்சாரம் போகாதா என்று பார்த்தேன். தினமும் போகும். அன்றைக்குப் போகவில்லை. பெயரைச் சொல்லிவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. அக்காவும் தட்டினார். முகம் மட்டும் கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்து முகம்போல ஆகிவிட்டது. பிறகு எழுந்து போய் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கீழே இறங்கி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானாடி? இதுக்கா இத்தன வருசம் இழுத்த?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அக்காவும், "ஆமான்டி, இவ்வளவுதான்" என்று சிரித்தார்.

வேன் போகிற வழியெல்லாம் கதையின் முடிவும் போயிருக்கும். காரைக்கால் என்ன பெரிய ஊரா? ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். வாங்கியவர்கள் அணிந்துரையைப் படித்தார்கள், அத்தோடு முடிந்தது என்று மூடினார்கள். என்னிடம் "நல்ல அணிந்துரை" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். விற்காத கட்டுகள் அக்கா வீட்டில் மீன்வலைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பிளேடை எடுத்துக்கொண்டு போய், அந்த ஐந்து பக்கத்தையும் எல்லாப் பிரதியிலிருந்தும் அறுத்துவிடுகிறேன் என்றேன். "அவரு இருக்குற வரைக்கும் அந்தப் பேச்சு எடுக்காத" என்றார்.

அவர் இருக்கிறார். நன்றாக இருக்கட்டும். அக்காதான் இல்லை.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பம்ப், ஒரு ஃபில்டர், நாலு குழாய். எங்கள் கம்பெனியில் இருப்பதைவிடச் சுலபமான மிஷின். அது ஒழுங்காகத்தான் ஓடியது. அக்கா கரைந்துகொண்டே வந்தார். "சாட்சி கரைஞ்சிகிட்டிருக்கு தம்பி" என்று ஒருநாள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நான் சிரிக்கவில்லையே என்று வருத்தம்.

ஆண், பெண் கலந்து போட்டிருந்த அந்த வார்டில், பக்கத்துக் கட்டிலில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்து மனிதர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த மனைவி பெயர் தையல்நாயகி. ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல், பொட்டலம் கட்டிவந்த பேப்பரைக்கூட விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட படிக்க எதும் இருக்குங்களா?" என்று என்னிடம் கேட்டார். பையில் நாவல் இருந்தது. எடுத்தேன். கொடுப்பதற்கு முன் அணிந்துரையின் ஐந்து பக்கத்தையும் பிடித்துக் கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுதியது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். "இந்த வாட்ச்மேன்தாங்க. திருட்டு முழி முழிக்கிறான்." மறுநாள், "வாட்ச்மேன் இல்லிங்க, அந்த ஏட்டே போடுறாரு. இல்லாட்டி எதுக்கு இப்பிடிக் குதிக்கணும்?" ஒரு வாய் கஞ்சி இறங்காத அக்கா, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "ஏட்டா? எத வச்சு சொல்றீங்க?" என்று குறுக்கு விசாரணை செய்வார். ஒவ்வொரு நாளும் அந்த அம்மா தப்பான ஆளைப் பிடிப்பார். ஒவ்வொரு நாளும் அக்கா முகத்தில் ரத்தம் ஊறும்.

அந்த அம்மாவோ மெதுவாகப் படிக்கிறவர். கணவருக்கு மாத்திரை, கஞ்சி, துணி என்று நடுவில் எழுந்துகொண்டே இருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் உடம்பு எனக்குத் தெரிந்துதான் இருந்தது. "கொஞ்சம் சீக்கிரம் படிங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை அதட்டினார், அந்தக் குரலில் பலமே இல்லை. "அவசரப்படுத்தாத. அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு."

அதன்பின் நான் அவசரப்படுத்தவில்லை. ஊருக்கு வந்து மிஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று வந்தேன். வந்த இடத்தில்தான் மனோகரன் அண்ணனின் போன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அக்காவின் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தேன். சீப்பு, டம்ளர், ஒரு சேலை. தையல்நாயகி அம்மா பக்கத்தில் வந்து நின்றார். புத்தகத்துக்குள் விரலை வைத்திருந்தார். கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி.

"காலையிலகூடக் கேட்டாங்க தம்பி, எதுவரைக்கும் வந்திருக்கீங்கன்னு. இன்னிக்கி முடிச்சிருவேன்னு சொன்னேன். அதுக்குள்ள..." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே படிக்க மனசு வரலிங்க. நாங்களும் நாளைக்கு ஊருக்குப் போறோம். யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. கேட்டுட்டு வெச்சிடுறேன்."

நான் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவன். கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே சொல். பதிலுக்கு எப்படியும் ஒரு "அய்யோ" வந்திருக்கும். ஆனால் அது அக்கா கேட்ட "அய்யோ" இல்லை.

"சொல்ல மாட்டேன்மா. படிங்க."

"என்ன தம்பி இப்பிடி..."

"படிங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். புத்தகத்தைத் துணி மூட்டையில் செருகிக்கொண்டார். அவர் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விலாசம் வாங்கவில்லை. படித்திருப்பார் என்று நம்பி மனதைத் தேற்றிக்கொள்கிற ஆளும் நானில்லை. வீட்டில் படுத்த கணவனை வைத்துக்கொண்டு, வயல்வேலைக்கு நடுவில், செத்துப்போனவள் எழுதிய வேடிக்கைக் கதையை யார் எடுப்பார்கள்? அந்த மூட்டையிலேயே கிடக்கும். அக்காவின் ஒரு ஆசை, இரண்டு அத்தியாயம் பாக்கியில் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் என்னிடம் இல்லை.

ஆறுதலாக ஒரு வரியோடு முடிக்கச் சொன்னார்கள். என்னிடம் இல்லை. கிழித்த ஐந்து பக்கம் இருக்கிறது. விற்காத கட்டுகளை அப்படியே வைத்திருக்கிறேன். ஐயா இருக்கும்வரை பிளேடு வைக்க மாட்டேன், அது அக்காவின் வார்த்தை. அதோடு, தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கும் பழக்கம் ஒன்று அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. எனக்கு அது பழக்கமில்லாதது. தொண்டையிலேயே நிற்கிறது.

அவரை அறிந்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரிலும், கூட்டத்திலும், பஸ்ஸிலும் அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். பூவைப் போட்டது யார் என்று மட்டும் பேசாதீர்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அம்மாவுக்கு இன்னும் தெரியாது.